ஈரத்தை மறைக்கும் சுண்ணாம்பு

ஒரு பொருளை அழகுபடுத்துவது வேறு. அதன் குறையை மூடுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை ஏட்டில் படிக்கும்போது தெளிவாகவே தோன்றும். வெள்ளையடிக்கும் மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓதம் ஏறிய தன் வீட்டுச் சுவரின் முன் ஒருவன் நிற்கும்போதுதான், அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று காண்பது எத்துணை அரிது என அவனுக்குப் புலப்படும்.

முன்னாளில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றால், அச்செய்தி பள்ளிவாசல் முற்றத்திலும் கடைத்தெருவிலும் வாய்மொழியாகப் பரவும். வாங்க விரும்புவோர் வயதில் மூத்த ஒருவரையும், கட்டட வேலை தெரிந்த கொத்தனாரையும் உடன் அழைத்து வருவார்கள். கொத்தனார் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்; கிணற்றை எட்டிப் பார்ப்பார்; மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அண்டை வீட்டாரைக் கேட்பார். இன்றோ வீட்டின் முகம் முதலில் கைபேசித் திரையில் தோன்றுகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருப்பவர் பத்துப் பன்னிரண்டு படங்களைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார். ஆகவே விற்பவரின் முதல் வேலை, வீட்டைப் படத்திற்கு ஆயத்தம் செய்வதாகிவிட்டது.

அந்த ஆயத்தம் இன்று ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. அடைசலான பொருள்களை அகற்றுதல், சன்னல்களைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுதல், தரையைத் துடைத்து மெருகேற்றுதல் ஆகியவை அதன் நற்பகுதி. விரிந்த காட்சியைப் பிடிக்கும் லென்சைக் கொண்டு பத்துக்குப் பத்து அறையைக் கூடம்போல் காட்டுவதும், விரிசலின் மேல் திரைச்சீலையைத் தொங்கவிடுவதும், சாக்கடை உள்ள திசையைத் தவிர்த்துப் படம் பிடிப்பதும், கணினியின் துணையால் மின்கம்பிகளை அழித்து இல்லாத நீலவானத்தைச் சேர்ப்பதும் அதன் மறுபகுதி. இவ்விரு பகுதிகளும் ஒரே நாளில், ஒரே கையால், ஒரே பெயரில் நடைபெறுகின்றன. சிக்கல் இங்குதான் பிறக்கிறது.

அண்மையில் திருவண்ணாமலையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் நம்மிடம் இது குறித்து மஸ்அலா கேட்டு வந்தனர். அத்தா மவுத்தாகிவிட்டார், கடன் இருக்கிறது, வாரிசுகளுக்குப் பாகம் பிரிக்க வேண்டும். இருப்பது ஒரு பழைய ஓட்டு வீடு. அதன் பின்கட்டுச் சுவரில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்கிறது. பட்டி பார்த்து வெள்ளையடித்துவிட்டுக் கோடையிலேயே படம் எடுத்துவிட வேண்டும் என்பது தரகரின் யோசனை. மூத்த மகனுக்கு மனம் ஒப்பவில்லை. தாயாரோ கண்கலங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், நாங்கள் ஒரு பொய்யும் சொல்லப் போவதில்லை. சுவரைச் சுத்தம் செய்வது குற்றமா? விலையில் இரண்டு லட்சம் குறைந்தால் என் இளைய மகளின் நிக்காஹ் தள்ளிப்போகுமே!"

இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கேட்டவர் ஏமாற்றுக்காரர் அல்லர். தேவையால் நெருக்கப்பட்ட ஒரு தாய். அவருக்குச் சொல்லும் விடை, அவர் நிலையில் உள்ள ஆயிரம் குடும்பங்களுக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும்.

குவியலுக்குள் சென்ற கை

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது, தம் திருக்கரத்தை அதனுள் விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் தட்டியது. இது என்னவென்று வினவியபோது, மழை பட்டுவிட்டது என்றார் வணிகர். நனைந்த பகுதியை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட அண்ணலார், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் தொகுப்பில் இந்த ஹதீஸ் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாகப் பதிவாகியுள்ளது.

இந்த நிகழ்ச்சியில் நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவ்வணிகர் தானியத்தில் தண்ணீர் தெளிக்கவில்லை, நனைத்தது மழை. அவர் பொய்யும் உரைக்கவில்லை. கேட்டவுடன் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் மீது எழுந்த குற்றம் ஒன்றே ஒன்று: குவியலை அடுக்கிய முறை. உலர்ந்தது மேலும் நனைந்தது கீழும் இருக்கும்படி அடுக்கிய அந்த அடுக்கே, "இது முழுவதும் உலர்ந்த தானியம்" என்று வாய்திறவாமல் பேசிற்று. பொய் சொல்ல நாவே வேண்டும் என்பதில்லை. பொருளை வைக்கும் விதமும் பொய் சொல்லும்.

படம் என்பதும் ஓர் அடுக்குமுறையே. எது முன்னே வர வேண்டும், எது சட்டத்திற்கு வெளியே போக வேண்டும் என்பதை எடுப்பவர் தீர்மானிக்கிறார். எனவே "நாங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை" என்பது மட்டும் போதிய விடையாகாது. படம் என்ன சொல்லிற்று என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

மூன்று உவமைகள்

நம் ஃபுகஹாக்கள் இந்த எல்லையை வகுக்க எடுத்தாண்ட சான்றுகள் வியப்பூட்டும் நுட்பம் உடையவை.

முதலாவது, பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்த கால்நடை. சந்தைக்குக் கொண்டுவரும் முன் இரண்டொரு நாள் கறக்காமல் விட்டால் மடி பெருத்துத் தோன்றும்; மிகுந்த பால் தரும் என்று வாங்குபவர் எண்ணுவார். இதனை நபிகளார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்கியவர் கால்நடையைத் திருப்பித் தருவதா, இழப்பை மட்டும் ஈடாகப் பெறுவதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அச்செயல் கூடாது என்பதில் வேற்றுமை இல்லை.

இரண்டாவது, தேக்கி வைத்த தண்ணீர். ஷாஃபியீ மத்ஹபின் பெரும் அறிஞரும் ஹிஜ்ரி 676இல் மறைந்தவருமான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில் இதனைக் குறிப்பிடுகிறார்கள். கால்வாயின் நீரையோ நீர்ச்சக்கர ஆலையின் நீரையோ தேக்கி வைத்திருந்து, விற்கும் வேளையில் திறந்துவிட்டு வேகமாய் ஓடச் செய்தால், வாங்கியவருக்கு வியாபாரத்தை முறிக்கும் உரிமை உண்டு. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இச்சட்டத்தைப் படிக்கையில், இன்று வறண்ட ஆழ்துளைக் கிணறுள்ள வீட்டில் லாரித் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, குழாயைத் திறந்து படம் எடுப்பவர்கள்தாம் நம் நினைவுக்கு வருகின்றனர்.

மூன்றாவது இன்னும் நுட்பமானது. அடிமை வாணிபம் நடந்த அக்காலத்தில், விற்கப்படுபவனின் ஆடையில் மைக்கறையைப் பூசி, அவன் எழுதத் தெரிந்தவன் என்று எண்ண வைப்பதும் உண்டு. இதன் காரணமாக வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை ஏற்படாது என்பதே வலுவான கருத்து என்கிறார் இமாம் அவர்கள். ஏனெனில் மைக்கறை எழுத்தறிவுக்குச் சான்றாகாது. ஐயமிருப்பின் வாங்குபவர் எழுதச் சொல்லிச் சோதித்திருக்கலாம்.

இம்மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. படத்திற்காக இரவல் வாங்கி வைத்த சோபாவும், மேசை மேல் வைத்த பூச்சாடியும் மைக்கறையின் வகை. அவை விற்பனைப் பொருளின் பகுதியல்ல என்பது எவருக்கும் தெரியும். கேட்டால் விடை கிடைக்கும். ஓதத்தின் மேல் பூசிய சுண்ணாம்போ தேக்கி வைத்த தண்ணீரின் வகை. பொருளில் இல்லாத ஓர் இயல்பை அது பொருளின் மேல் ஏற்றிக் காட்டுகிறது. ஒன்று மட்டும் கூறுவோம்: மைக்கறை பூசியவனிடம் பொருளைத் திருப்பித் தர முடியாது என்பதனால், பூசியது நற்செயல் ஆகிவிடாது. நீதிமன்றத்தின் வாசல் மூடியிருப்பதும் அல்லாஹ்வின் கேள்விக்கணக்கு இல்லாமற்போவதும் ஒன்றல்ல.

ஓதம் என்பது மேற்பூச்சின் அழுக்கு அன்று என்பதையும் ஈண்டு விளக்க வேண்டும். பழைய கட்டடங்களில் அடித்தளத்திற்கும் சுவருக்கும் இடையே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இராது. மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். அதனோடு உப்பும் ஏறும். நீர் உலரும்போது உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளி உதிர்க்கும். மேலே எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அடுத்த மழையில் அது திரும்பி வரும். ஆகவே கோடையில் அடித்த சுண்ணாம்பு நோய்க்கு மருந்தன்று. நோயாளியின் முகத்தில் பூசிய மாவு.

கண்ணாடியில் கண்டது காட்சியாகுமா?

விற்பவரின் கடமை இவ்வாறிருக்க, படத்தை மட்டும் பார்த்து வாங்குபவரின் நிலை என்ன? ஹனஃபி ஃபிக்ஹில் 'கியாருர் ருஃயா' என்றொரு தனி அத்தியாயமே உண்டு. காணாத பொருளை வாங்கியவர், கண்ட பின்பு கொள்ளவோ தள்ளவோ உரிமை பெறுகிறார் என்பது அதன் சாரம். காணாத பொருளின் வியாபாரமே செல்லாது என்பது ஷாஃபியீ மத்ஹபின் வலுவான கருத்து.

அப்படியானால் 'காண்பது' என்றால் என்ன? பொருளைக் கண்ணாடியில் பார்த்தவர் அதனைப் பார்த்தவராக ஆகமாட்டார் என்று ஹனஃபி அறிஞர்கள் எழுதியுள்ளனர். அவர் கண்டது பொருளையன்று, பொருளின் சாயலை. புகைப்படக் கருவி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இந்தப் பகுப்பு செய்யப்பட்டிருக்கிறது. கண்ணாடியாவது எதிரில் உள்ளதை உள்ளவாறே காட்டும்; படமோ எடுப்பவர் விரும்பியதை விரும்பியவாறு காட்டும். கண்ணாடிக்கே இந்த நிலை என்றால் படத்திற்கு என்ன தகுதி இருக்க முடியும்?

வீட்டைக் காண்பது பற்றிய ஒரு விவாதமும் சுவையானது. முற்றத்தைப் பார்த்தாலே வீட்டைப் பார்த்ததாகும் என்பது ஆதி நூல்களின் முடிவு. இமாம் ஸுஃபர் (ரஹ்) அவர்களோ அறைகளின் உள்ளே நுழைந்து பார்த்தாக வேண்டும் என்றார்கள். நம் மதரஸாக்களில் ஓதப்பெறும் 'ஹிதாயா'வின் ஆசிரியர், ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்ஃகீனானீ (ரஹ்) அவர்கள், இவ்விரண்டையும் அழகாக இணைத்தார்கள். முன்னோர் காலத்தில் வீடுகள் ஒன்றுபோலவே கட்டப்பட்டிருந்தன. அதனால் முற்றம் போதுமானதாயிற்று. தம் காலத்திலோ வீட்டுக்கு வீடு அமைப்பு வேறுபடுவதால் உள்ளே செல்வது கட்டாயம் என்று விளக்கினார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே முற்றம் போதாது என்றால், இன்று திரையில் தோன்றும் முற்றத்தின் படம் எப்படிப் போதும்? வாங்குவோர் இதனை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். முன்பணம் கை மாறுவதற்கு முன் நேரில் சென்று உள்ளறைகளைப் பார்ப்பதும், வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் சரிபார்ப்பதும் அவர்களின் பொறுப்பு.

மலை தெரியும் சன்னல்

திருவண்ணாமலையில் வீட்டுப் படம் என்றால் மலை இல்லாமல் இராது. இரண்டாயிரத்து அறுநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அம்மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை இருக்கிறது. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் அங்கு நடக்கின்றனர். கோயிலையும் ஆசிரமங்களையும் நாடி வெளிநாட்டவரும் வெளிமாநிலத்தவரும் வந்து தங்குவதால், மலை தெரியும் சன்னலுக்குத் தனி விலை உண்டு. தரகர்கள் மலையைப் பின்னணியாக வைத்தே படம் எடுக்கச் சொல்வதில் வியப்பில்லை.

ஆனால் படத்தில் அழகாக நிற்கும் மலைக்குச் சரிவும் உண்டு. 2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த பெருமழையில், டிசம்பர் 1ஆம் நாள் மலையடிவாரத்திலுள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட ஏழு உயிர்கள் பிரிந்தன. அந்தத் துயரத்தில் எவர் மீதும் பழி சுமத்துவது நம் நோக்கமன்று. மலையின் அழகை விலையில் சேர்த்துக்கொள்பவர், அன்றிரவு தம் தெருவில் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே நாம் கூறுவது. சுவரின் ஓதத்தை மறைத்தால் வாங்கியவருக்குப் பொருள் நட்டம். நீரின் வழியை மறைத்தால் நட்டம் பொருளோடு நிற்காமலும் போகலாம்.

நாட்டின் சட்டமும் இதனையே சொல்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் 55ஆம் பிரிவின்படி, தமக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டறிய முடியாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும். பெரிய கட்டுமானத் திட்டங்களின் விளம்பரத்தில் பொய்த் தகவல் இருந்து, அதை நம்பிப் பணம் கட்டியவர் இழப்படைந்தால் ஈடு பெற 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 12ஆம் பிரிவு வழி செய்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலோ, கணினியால் மாற்றியமைத்த வீட்டுப் படத்தை வெளியிடும் தரகர் அதனை அறிவித்து, மாற்றாத மூலப் படத்தையும் காண வழிசெய்ய வேண்டும் என்னும் சட்டம் 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

எது குறையன்று?

குறையை வெளிப்படுத்துவது எவ்வளவு முக்கியமோ, குறையல்லாததைக் குறையென்று எண்ணிக் கூசாமலிருப்பதும் அவ்வளவு முக்கியம். அக்குடும்பத்தார் இன்னொன்றும் கேட்டனர். கூடத்தில் மாட்டியுள்ள ஆயத்துல் குர்ஸீ சட்டத்தைக் கழற்றிவிட்டுப் படம் எடுக்குமாறு தரகர் கூறினாராம். முஸ்லிம் வீடு என்று தெரிந்தால் சிலர் விசாரிக்கவே வரமாட்டார்கள் என்பது அவர் கருத்து. கழற்றினால் அதுவும் மறைப்பதாகுமா?

வணிகர் வழக்கில் விலையைக் குறைக்கச் செய்வதெல்லாம் குறையே என்று 'ஹிதாயா' வரையறுக்கிறது. ஆனால் அது விற்கப்படும் பொருளில் உள்ள குறையைப் பற்றியது. குடியிருந்தவர் எந்த மார்க்கத்தவர் என்பது சுவரிலும் கூரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பண்பன்று. அவர் வெளியேறும்போது அவரோடு சென்றுவிடுவது. எனவே கழற்றுவது ஏமாற்றாகாது. கழற்றாமல் விடுவதும் கடமையன்று. பூசையறைப் படங்களையும் சிலுவையையும் அகற்றச் சொல்வதும் இத்தொழிலில் வழக்கமே. வீடு மாறும்போது எப்படியும் எடுத்துச் செல்லப் போகும் பொருள்கள் அவை. வெட்கத்தினால் கழற்றுவது மட்டுமே நாம் அஞ்ச வேண்டியது. பல தலைமுறைகளாக அடுத்தடுத்த தெருக்களில் பிற சமயத்தாரோடு கூடி வாழ்ந்த நமக்கு, நம் பெயர் ஒரு வில்லங்கமன்று.

அந்தரங்கத்தைப் பேணுவதும் மறைப்பதன்று. பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்தே நுழைய வேண்டும் எனத் திருமறையின் 'அந்நூர்' அத்தியாயம் கட்டளையிடுகிறது. அதன் நோக்கங்களுள் தலையாயது பார்வையைக் காப்பது என்று ஹதீஸ்கள் விளக்குகின்றன. பெண்கள் புழங்கும் அறையின் படம் ஆயிரம் கைபேசிகளுக்குச் செல்வது, ஆயிரம் பேர் அனுமதியின்றி எட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும். துணிமணி, குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை அகற்றிய பின்பே அறையைப் படம் பிடிக்க வேண்டும். வாங்குபவருக்கு வீட்டை அறிய உரிமை உண்டு. வீட்டாரை அறிய உரிமை இல்லை.

சத்தியம் செய்ய முடியுமா?

தரகர்கள் சொல்லும் மற்றொரு வழி, "உள்ளது உள்ளபடி, எல்லாக் குறைகளோடும்" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது. எல்லாக் குறைகளிலிருந்தும் பொறுப்பை விலக்கிக்கொண்டு விற்பதை ஹனஃபி மத்ஹபு அனுமதிக்கிறது. ஆயினும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் உள்ள ஒரு நிகழ்ச்சி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை இத்தகைய நிபந்தனையுடன் 800 திர்ஹத்திற்கு விற்றார்கள். வாங்கியவர் ஒரு நோயைக் கண்டு வழக்குத் தொடுத்தார். விற்றபோது அந்த நோய் இருந்தது தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யுமாறு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் நோய் குணமாகி 1500 திர்ஹத்திற்கு விற்றது வேறு கதை. சத்தியம் செய்ய மறுத்த அந்த வேளையில் அவர்கள் முன் நின்றது 800 திர்ஹம் நட்டம் மட்டுமே.

அந்தத் தாயாருக்கு நாம் சொன்ன விடை இந்நிகழ்ச்சியிலிருந்தே பிறந்தது. "வீட்டைப் பெருக்குங்கள், துடையுங்கள், விளக்கேற்றுங்கள், படம் எடுங்கள், அல்லாஹ் அழகானவன், அழகை நேசிப்பவன். பின்கட்டுச் சுவரை மட்டும் இப்போது தொடாதீர்கள். அல்லது ஓதத்திற்கு முறையான வைத்தியம் செய்துவிட்டு வெள்ளையடியுங்கள். படத்தின் கீழே, பின்கட்டில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும் என்று ஒரு வரி எழுதுங்கள். அட்வான்ஸ் வாங்குமுன் வாயாலும் சொல்லுங்கள். 'எனக்குத் தெரிந்ததை மறைக்கவில்லை' என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமானால், அந்தப் பணம் உங்களுக்கு ஹலால்."

இதனால் விலை குறையாது என்று நாம் அவருக்கு உறுதி கூறவில்லை. குறையலாம். உண்மைக்கு எப்போதும் உலகிலேயே இலாபம் கிடைக்கும் என்று சொல்வது, உண்மையையும் ஒரு வியாபாரத் தந்திரமாக ஆக்கிவிடும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: அந்த இரண்டு லட்சம் அவருடைய சொத்தன்று. ஓதமில்லாத சுவருக்குத் தரப்படும் விலை அது. அவரிடம் இருப்பதோ ஓதமுள்ள சுவர். அதை வாங்கிக்கொண்டால், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் கைப்பணத்தில் தம் மகளின் நிக்காஹை நடத்தியவர் ஆவார். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை விளக்கினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் அது துடைக்கப்பட்டுவிடும் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி, புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அங்கே பேசப்படுவது தொகை அன்று. அத்தொகையால் கிடைக்கும் நிம்மதி.

நம் தமிழ் மறையும் இதில் நம்மோடு ஒன்றுபடுகிறது. 'நடுவுநிலைமை' அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர், பிறர் பொருளையும் தம் பொருள்போல் கருதிச் செய்வதே வணிகர்க்கு வணிகம் என்கிறார். வீடு விற்பவர் தம்மையே வாங்குபவராக எண்ணிக்கொண்டு ஒருமுறை அந்தப் படங்களைப் பார்க்கட்டும். முதல் மழைநாளில் அந்தச் சுவரின் முன் நின்று, படத்தை எடுத்தவரைப் பற்றித் தாம் என்ன சொல்வோம் என்று எண்ணட்டும். பூசும் மட்டையை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அப்போது அவருக்கே விளங்கும்.

நம் இல்லங்களின் சுவர்களுக்கு முன்னால் நம் உள்ளங்களைத் தூய்மை செய்யும் நல்லறிவையும், கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், கிடைத்ததில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.